சார்ட்டர் பள்ளி நிர்வாகக் குழுவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளிகளின் (அரசு நிதியில், ஆனால் தனி நிர்வாகக் குழுவின் பொறுப்பில் நடக்கும் பள்ளிகள்) நிர்வாகக் குழுக்களில் புதிதாகச் சேரும் பெற்றோர், முன்பு நாங்கள் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூட்டத்துக்கு வராமலிருப்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தனியார் பள்ளி என்று நினைப்பது

வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி அது. கல்விக் கட்டணம் கிடையாது. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல்தான்.

மேலாண்மை ஒப்பந்தத்தை நிறுவனமே எழுத விடுவது

பல குழுக்கள் பள்ளியை நடத்தும் பொறுப்பை ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கின்றன. அதில் தவறில்லை, ஆனால் அந்த நிறுவனத்தின் வக்கீல் எழுதிய வரைவில் அப்படியே கையெழுத்திடுவதை மட்டும் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒஹாயோவில் ஒயிட் ஹேட் என்ற நிறுவனத்துடன் சில பள்ளிகள் செய்திருந்த ஒப்பந்தப்படி, அரசு நிதியில் ஏறத்தாழ 95 சதவீதம் அந்த நிறுவனத்துக்கே சென்றது. அந்தப் பணத்தில் வாங்கிய தளவாடங்களும் கணினிகளும் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு நடந்தபோது, ஒப்பந்தப்படி அவை நிறுவனத்துக்கே உரியவை, வேண்டுமானால் பள்ளிகள் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று 2015-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதையெல்லாம் நான் விளக்கிய பிறகும் ஒரு குழுவின் தலைவர், "அவங்க இதுல பழம் தின்னு கொட்டை போட்டவங்க, நாம என்ன புதுசா பார்க்கப்போறோம்?" என்று சொல்லிக் கையெழுத்திட்டார். மறு ஆண்டு வரவு செலவுக் கணக்கில் "நிர்வாகச் சேவை" என்ற ஒற்றை வரிக்கு எதிரே பள்ளி வருமானத்தின் பெரும்பகுதி நின்றது. நிறுவனத்தை மாற்றலாம் என்றால் கட்டடமோ அதன் துணை நிறுவனத்தின் பெயரில் இருந்தது. மேலாண்மை ஒப்பந்தம் முடிந்தால் வாடகை ஒப்பந்தமும் முடிந்துவிடும் என்று ஒரு பிரிவு வேறு. குழுவுக்கெனத் தனி வக்கீல், தனித் தணிக்கையாளர், பள்ளியின் பெயரிலேயே சொத்து, மேலாண்மையோடு பிணைக்கப்படாத வாடகை ஒப்பந்தம் ஆகிய நான்கும் இல்லாமல் பேனாவைத் திறக்காதீர்கள்.

அனுமதி அளித்த அமைப்பு பார்த்துக்கொள்ளும் என்று இருப்பது

மினசோட்டா மாநிலம் 1991-இல் முதல் சார்ட்டர் பள்ளிச் சட்டத்தை இயற்றியதிலிருந்து, மாநிலத்துக்கு ஏற்பக் கல்வி மாவட்டமோ பல்கலைக்கழகமோ மாநில வாரியமோ பள்ளி நடத்த அனுமதி அளிக்கிறது. தேர்வு முடிவுகளையும் தணிக்கை அறிக்கையையும் பார்த்து அனுமதியைப் புதுப்பிப்பதும் மறுப்பதும் அதன் வேலை. அன்றாடச் செலவுக்குக் காவல் நிற்பது குழுவின் வேலை. ஒஹாயோவின் ஈகாட் இணையப் பள்ளி, நிதி பெறுவதற்காகக் காட்டிய மாணவர் எண்ணிக்கைக்கு ஆதாரம் தர முடியாமல் பெருந்தொகையை அரசுக்குத் திருப்பித் தர வேண்டியதாகி, 2018 ஜனவரியில் கல்வியாண்டின் நடுவே மூடப்பட்டது. சுமார் 12,000 மாணவர்கள் வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று.

தீர்மானத்தை வாட்ஸ்அப்பில் முடிப்பது

குழுவின் தீர்மானம் பொதுமக்கள் பார்க்கக்கூடிய கூட்டத்தில் எடுக்க வேண்டியது. அப்படி எடுக்காவிட்டால், கலிஃபோர்னியாவில் நீதிமன்றமே அதை ரத்து செய்யலாம்.