பாட வீடியோவைப் பிள்ளைகளே எடுக்கட்டும்: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் செம்பருத்திச் சோதனையை வீடியோ எடுக்கச் சொன்னேன். இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து, அந்தச் சாயத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் அடர் இளஞ்சிவப்பாகும். துணி சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகும். முதல் தடவை வசனத்தை நானே எழுதிக் கொடுத்தேன். தட்டுத் தடுமாறாமல் ஒப்பித்தார்கள். மறுநாள் "ஏன் பச்சையாச்சு?" என்று கேட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பெரும்பாலான ஆசிரியர்கள் செய்கிற தவறு இதுதான். வீடியோ எடுக்க வைப்பதே, பிள்ளைகள் ஒரு விஷயத்தைத் தங்கள் வாயால் விளக்கிப் பார்க்கட்டும் என்றுதான். வசனத்தை நாம் எழுதிவிட்டால் மிஞ்சுவது மனப்பாடம். அடுத்த முறை நான்கு நான்கு பேராக உட்கார்ந்து அவர்களே எழுதினார்கள். இதழைக் கொதிக்க வைக்கணுமா, ஊறினால் போதுமா என்பதற்கே பத்து நிமிடம் வாக்குவாதம். நான் குறுக்கே போகவில்லை. எழுதி முடித்த பிறகு தகவல் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

ஒரு குழு சோப்புக்குப் பதில் ஷாம்பு ஊற்றியது. பச்சை வரவே இல்லை. "வெட்டிரலாம் டீச்சர்" என்றார்கள். தப்பாகப் போன காட்சியை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். சாயத்தைப் பச்சையாக்குவது சோப்பின் காரத்தன்மை, பல ஷாம்புகளில் அது கிடையாது என்பதை அவர்கள் தேடித் தெரிந்துகொண்டது அந்தக் காட்சியால்தான். வீடியோவில் அதையும் சேர்த்துவிட்டார்கள்.

நன்றாகப் பேசுகிற பிள்ளையையே எப்போதும் பேச வைப்பதும் கூடாது. ஒரு காட்சியில் மொபைலைப் பிடித்தவர் அடுத்த காட்சியில் பேசட்டும். கூச்சப்படுகிறவர்களுக்குக் கையும் குரலும் மட்டும் வந்தால் போதும். முகம் தெரியாது என்றதும் எங்கள் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் கடகடவென்று பேசினாள்.

அப்புறம், எடுத்ததை வேறு வகுப்புக்குப் போட்டுக் காட்டாமல் முடித்துவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்புக் குழந்தை ஒன்று, "அக்கா, சோப்பு மிளகாய் மாதிரி காரமா இருக்குமா?" என்று கேட்டது. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை! "இது நாக்கு எரிகிற காரம் இல்லை, தொட்டால் வழவழப்பாக இருக்கும்" என்று ஒரு வரியை அன்றே சேர்த்தார்கள்.

நீளத்தை இழுக்க வேண்டாம். இணையவழிப் பாடங்கள் நடத்தும் எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சுமார் 6 நிமிடத்துக்கு மேல் தங்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் வைத்திருக்கும் அளவு 3 நிமிடம். படப்பிடிப்பில் ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலுக்கு எதிரே கேமராவை வைக்காதீர்கள், கண்ணாடிக் குவளைக்குப் பின்னால் வெள்ளைத்தாள் வையுங்கள். நிறம் பளிச்சென்று தெரியும்.

கடைசியாக, பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளின் முகத்தை இணையத்தில் போடுவது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர் குழந்தை. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கும் நான் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன். வேலை முடிந்ததும், மொபைலில் மிச்சமிருக்கும் துண்டுக் காட்சிகளைப் பிள்ளைகள் முன்னாலேயே அழித்துவிடுகிறேன்.