ஜப்பானியக் குடியேறிகளின் சர்க்கரை நோய்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானிலிருந்து அமெரிக்கா போனவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறைகளின் சர்க்கரை நோயைப் பற்றி எழுத வரும் மாணவர்கள் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். நாங்கள் படித்த காலத்தில் எங்கள் வகுப்பே சறுக்கிய இடங்கள் அவை. கூட்டல் பிழை, பெயர்க் குழப்பம் எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும், அவற்றை விடுங்கள்.

வெறும் வயிற்று அளவோடு நிறுத்துவது

இதைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஒரு மாணவி கொண்டுவந்த அட்டவணையில் எழுபது வயதுக்காரர் ஒருவர் இருந்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை 98, உடல் எடைக் குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ.) 24. ‘நோயில்லை’ என்று எழுதிவிட்டார். "சரி, இரண்டு மணி நேர அளவு எங்கே?" என்றேன். அட்டவணையில் அதற்கு இடமே இல்லை.

1983-ல் மருத்துவ ஆய்வாளர் வில்ஃப்ரெட் ஃபுஜிமோட்டோவின் குழு சியாட்டிலில் ஜப்பானிய அமெரிக்கர்களை ஆராயத் தொடங்கியது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி ரத்தம் எடுத்தார்கள். 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். 140-லிருந்து 199 வரை நோயின் வாசற்படி. ‘நிசேய்’ எனப்படும் இரண்டாம் தலைமுறை ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நோய் இருந்தது. வெறும் வயிற்றில் மட்டும் பார்த்திருந்தால் பலர் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்கள். ஜப்பானிய வம்சாவளியினர் பலருக்குக் கணையத்தின் இன்சுலின் கையிருப்பு குறைவு. இரவெல்லாம் சமாளித்துவிடும், சாப்பாடு உள்ளே போனதும் திணறும்.

எடையும் ஏமாற்றும். அதே ஆய்வில் தொப்புள் மட்டத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அந்தப் படத்தில் கொழுப்பு கருமையாகத் தெரியும். ஒரே இடுப்பளவுள்ள இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குத் தோலுக்கடியில் தடித்த கரு வளையம் இருக்கும். இன்னொருவருக்கு வளையம் மெல்லியது, ஆனால் குடல் மடிப்புகளுக்கு இடையே கருமை அப்பிக் கிடக்கும். சர்க்கரை நோய் அதிகம் தேடி வந்தது இரண்டாமவரைப் போன்றவர்களைத்தான். ஆசிய வம்சாவளியினருக்கு எடைக் குறியீடு 23-லேயே பரிசோதனை தொடங்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015-ல் சொன்னது. அதற்குப் பிறகும் மற்றவர்களுக்கான 25-ஐப் பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி? அந்த எழுபது வயதுக்காரர் போன்றவர்களுக்கு நோய் தெரியவருவது கண்ணோ சிறுநீரகமோ கெட்ட பிறகுதான்.

தலைமுறையையும் வயதையும் குழப்புவது

"பேரப்பிள்ளைகளிடம் நோய் குறைவு, அதனால் நிலைமை சீராகிவிட்டது" என்று எழுதுகிறார்கள். 1924-ன் குடியேற்றச் சட்டம் ஜப்பானியர் வருகையை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. அதனால் அமெரிக்காவில் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு குறுகிய வயதுக் கட்டுக்குள் அடங்கிவிட்டது. 1980-களில் நிசேய்கள் நடுவயதையும் தாண்டியவர்கள். மூன்றாம் தலைமுறையான ‘சான்சேய்’கள் இளையவர்கள். சர்க்கரை நோயோ வயதோடு கூடுவது. வயதைச் சரிசெய்யாத ஒப்பீட்டை நான் படிப்பதே இல்லை.

"பர்கர்தான் காரணம்" என்று முடிப்பது

ஹிரோஷிமாவில் இருப்பவர்களையும், அங்கிருந்து ஹவாய்க்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் போனவர்களின் வம்சத்தையும் ஒப்பிட்ட ஆய்வில், மொத்தக் கலோரி பெரிதாக மாறவில்லை. மாறியவை வேறு: விலங்குக் கொழுப்பும் சர்க்கரையும் கூடின, உடலுழைப்பு குறைந்தது. வயலில் கரும்பு வெட்டிய தாத்தாவின் பேரன் மேசைமுன் உட்கார்ந்துவிட்டதைக் கணக்கில் எடுக்காமல் தட்டை மட்டும் பார்க்காதீர்கள்.

"மரபணு மாறிவிட்டது" என்பது

இரண்டு தலைமுறையில் மாறாது.

பிரேசிலை விட்டுவிடுவது

1908-ல் ‘கசாட்டோ மாரு’ கப்பல் சாண்டோஸ் துறைமுகத்தில் இறக்கிவிட்டவர்களிலிருந்து தொடங்கும் இன்னொரு பெரிய வம்சம் அங்கே இருக்கிறது. சாவோ பாவ்லோ மாநிலத்தின் பவ்ரு ஊரில் அவர்களைப் பரிசோதித்தபோதும் நோய் மிக அதிகமாகவே இருந்தது. அமெரிக்கத் தரவோடு சேர்த்து அதையும் படியுங்கள்.