மண்டை இல்லாமல் தோல் சுருக்கம்: டிஜிட்டல் சிற்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியில் களிமண்போல முப்பரிமாண உருவங்களைச் செதுக்கும் டிஜிட்டல் சிற்பம் பழகத் தொடங்கியவர்கள் அனுப்பும் ஃபைல்களைத் திறந்து பார்த்துக் கருத்து சொல்வது என் வழக்கம். பார்க்கப் பார்க்க ஒன்று தெளிவாகிறது. ஆள் மாறுகிறார், மென்பொருள் மாறுகிறது, கோளாறு மட்டும் மாறுவதில்லை. பெரும்பாலானவை தொடக்கத்தில் நானும் செய்தவை என்பதால், மாடலைக் கொஞ்சம் திருப்பியதுமே எந்த இடத்தில் தடம் மாறியது என்று தெரிந்துவிடுகிறது.

ஸீபிரஷ், பிளெண்டர் இரண்டும் இதற்கான மென்பொருள்கள். ஸீபிரஷ்ஷில் எடிட் பொத்தானை அழுத்த மறந்து திரையெங்கும் உருண்டைகளைப் பதிப்பது, பிளெண்டரில் ஆப்ஜெக்ட் மோடில் இருந்துகொண்டு பிரஷ்ஷைத் தேடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை முதல் நாளே தானாகப் புரிந்துவிடும். மாதக்கணக்கில் தெரியாமல் கூடவே வருகிற தவறுகளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பாலிகனை அவசரமாக ஏற்றுவது

மாடலின் மேற்பரப்பு பாலிகன் என்ற சின்னச் சின்னத் தட்டைப் பரப்புகளால் ஆனது. பெரிய வடிவம் சரியாகும் முன்பே அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டுவதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. காரணம், இதில் அதிகம் இழப்பவர்கள் பொறுமையும் உழைப்பும் உள்ளவர்கள்.

ஒருவர் ஒரு முதியவரின் தலையைச் செய்து அனுப்பியிருந்தார். நெற்றி வரிகள், கண்ணோரச் சுருக்கம், மூக்கின் மேல் தோல் துளைகள், உதட்டு வெடிப்பு என்று ஒவ்வொன்றையும் நிதானமாகச் செதுக்கியிருந்தார். மெட்டீரியலை நிழலே விழாத தட்டையான கறுப்புக்கு மாற்றி, தலையைப் பக்கவாட்டில் திருப்பினேன். பின்மண்டையே இல்லை. காதுகள் கன்னத்தை ஒட்டி முன்னால் வந்திருந்தன. முன்புறம் திருப்பினால், கண்கள் தலையின் மேல்பகுதிக்கு ஏறியிருந்தன. அவர் என்னிடம் கேட்ட கேள்வியோ, சுருக்கத்துக்கு இன்னும் நல்ல ஆல்ஃபா (நுணுக்கங்களை அச்சுப்போல் பதிக்க உதவும் படம்) எங்கே கிடைக்கும் என்பது. சுருக்கங்கள் நன்றாக இருக்கின்றன, தலையைத்தான் மறுபடி செய்ய வேண்டும் என்று பதில் எழுத எனக்கு மனமே வரவில்லை. ஆனால் எழுதினேன்.

இது ரசனைக் குறைவால் வருவதில்லை, கணக்கால் வருவது. ஒருமுறை சப்டிவைட் செய்தால், அதாவது பாலிகன்களைப் பிரித்தால், ஒவ்வொரு சதுரமும் நான்காகிறது. 6 பக்கமுள்ள ஒரு கனசதுரத்தில் தொடங்கினால் ஆறாவது முறையில் 24,576 சதுரங்கள் இருக்கும். ஒரு தலையின் எல்லாப் பெரிய வடிவங்களுக்கும் இதுவே தாராளம். இன்னும் மூன்று முறை அழுத்தினால் 15,72,864. இந்த அடர்த்திக்குப் போனபின் தாடையைக் கொஞ்சம் உள்ளே தள்ளலாம் என்று நினைத்தால், பிரஷ்ஷுக்கு அடியில் பல்லாயிரம் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு இழுப்பும் ஒரு சின்னப் பள்ளத்தையோ மேட்டையோ விட்டுவிட்டுப் போகும். கொஞ்ச நேரத்தில் கன்னம் கிழங்கின் தோல் போல ஆகிவிடும்.

சரி, ஸ்மூத் பிரஷ் இருக்கிறதே என்று ஷிஃப்டை அழுத்துவார்கள். ஸ்மூத் செய்வது என்ன? ஒவ்வொரு புள்ளியையும் அதன் பக்கத்துப் புள்ளிகளின் சராசரி இடத்துக்கு நகர்த்துகிறது. பக்கத்துப் புள்ளிகள் மிக நெருக்கமாக இருக்கும்போது அந்த நகர்வு கண்ணுக்கே தெரியாது. அதனால் எது போக வேண்டுமோ அந்தப் பெரிய மேடு அப்படியே நிற்கும், பாடுபட்டுப் போட்ட தோல் துளைகள் மட்டும் அழியும். ‘ஸ்மூத் வேலை செய்யவில்லை’ என்று எழுதுகிறவர்களில் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். பிரஷ் சரியாகத்தான் இருக்கிறது. பாலிகன்தான் அளவுக்கு மீறிவிட்டது.

குறைந்த பாலிகனில் என்ன செய்ய வேண்டும் என்றால், மண்டையோட்டை நினைத்துச் செய்ய வேண்டும். கண்கள் தலையின் மொத்த உயரத்தில் ஏறக்குறைய நடுவில் வரும். பக்கவாட்டில் பார்த்தால் காது பாதிக்குப் பின்னால்தான் உட்காரும். உதடுகள் தட்டையான பலகையில் ஒட்டியவை அல்ல, பல்வரிசையின் வளைவைச் சுற்றி வருபவை. கண்ணுக்கு முதலில் தனி உருண்டை வையுங்கள், அப்புறம் இமையை அதன் மேல் போர்த்துங்கள். குழி தோண்டி அதில் கண் வரைந்தால் இமை ஒருநாளும் சரியாக வராது. இவை எதற்கும் லட்சக்கணக்கில் பாலிகன் தேவையில்லை.

எப்போது ஏற்றலாம்? மாடலைக் கறுப்பு நிழலுருவாக மாற்றி முன், பக்கம், முக்கால், மேல், கீழ் என்று சுற்றிப் பாருங்கள். கீழே இருந்து பார்ப்பதைப் பலர் செய்வதே இல்லை. தாடையும் கன்ன எலும்பும் எவ்வளவு தட்டையாக இருக்கின்றன என்பதை அந்தக் கோணம்தான் காட்டிக்கொடுக்கும். இந்த அடர்த்தியில் இனித் திருத்த எதுவும் இல்லை, கேட்கிற வடிவம் மெஷ்ஷில் (பாலிகன் வலையில்) நிற்க மறுக்கிறது என்ற நிலை வந்தால் ஒரு படி ஏற்றுங்கள். ஒரே ஒரு படி.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி இருக்கிறது. அடர்த்தியைப் படிப்படியாக வைத்திருக்கும் வசதியை, பிளெண்டரில் மல்டிரெஸ், ஸீபிரஷ்ஷில் சப்டிவிஷன் லெவல், வைத்து வேலை செய்திருந்தால் கீழ்ப்படிக்கு இறங்கி கிராப் அல்லது மூவ் பிரஷ்ஷால் வடிவத்தைத் திருத்துங்கள். மேல்படியின் நுணுக்கம் கூடவே நகரும். மேற்பரப்பைச் சீரான அடர்த்தியில் புதிதாகக் கட்டும் டைனமெஷ்ஷிலோ (ஸீபிரஷ்) வோக்சல் ரீமெஷ்ஷிலோ (பிளெண்டர்) செய்திருந்தால் படிகள் கிடையாது. ஒரு பிரதியை ஒதுக்கி வைத்துவிட்டு, பெரிய வோக்சல் (சிறு கனசதுரக் கட்டம்) அளவில் ரீமெஷ் செய்து அடர்த்தியைக் குறையுங்கள். சுருக்கங்கள் போய்விடும். போகட்டும். மனசு வலிக்கும்தான், ஆனால் இல்லாத பின்மண்டைக்கு அவை உதவப்போவதில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். வேகமாக ஓட்டிய செய்முறை வீடியோக்களில் முதல் பாதி வெறும் உருண்டைகளை இழுப்பதாகப் போகும், தோல் வரும் இடம்தான் மனசில் நிற்கும். அந்த முதல் பாதியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

விஆரில் அறை அளவு தலை

ஹெட்செட் வழியே மெய்நிகர் உலகில் (விஆர்) செதுக்கும்போது, மேலே சொன்ன தவறு எடுக்கும் வடிவம் இது. ஹெட்செட் போட்டதும் இரண்டு கைகளாலும் மாடலைப் பற்றி விரித்து, அறை உயரத்துக்குப் பெரிதாக்கி, மூக்குத் துளைக்குள் நின்றுகொண்டு வேலை செய்வார்கள். அங்கிருந்து முழுத் தலையும் தெரியவே தெரியாது. பெரிய வடிவங்கள் முடியும்வரை மாடலை நிஜத் தலை அளவிலேயே, கைக்கு எட்டும் தூரத்தில் வைத்திருங்கள்.

இன்னொன்று. இரண்டு கண்ணாலும் ஆழம் தெரிவதால் விஆரில் எல்லாமே உயிரோடு இருப்பதாகத் தோன்றும். அதே மாடலைத் திரையில் தட்டையாகப் பார்த்தால் நிழலுருவம் தளர்ந்து கிடக்கும். ஒரு அமர்வு முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றி மானிட்டரில் சுற்றிப் பார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். கை காற்றில் மிதப்பதால் கூர்மையான விளிம்பும் மெல்லிய கோடும் விஆரில் எளிதில் வராது. டேப்லெட்டில் பேனாவுக்குக் கீழே ஊன்ற ஓர் இடம் இருக்கிறது. உடல் வளைவு, நிற்கும் தோரணை, கொம்பு, வால், சுழலும் துணி போன்றவற்றை விஆரில் பிடியுங்கள், இமை விளிம்பை டெஸ்க்டாப்பில் முடியுங்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்து காட்ட வேண்டும் என்ற பிடிவாதம் நேரத்தைத் தின்னும்.

கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை ஹெட்செட்டில் உங்களுக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பெரியவர்களுக்குச் சராசரி 63 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும். தவறாக இருந்தால் தலைவலியோடு அளவுக் குழப்பமும் வரும்.

செல்ஃபியைப் பார்த்துச் செதுக்குவது

கை நீட்டும் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும், பின்னால் ஒளிந்தும் தெரியும். அதைப் பெர்ஸ்பெக்டிவ் (பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் தெரிவது) இல்லாத காட்சியில் வைத்து அப்படியே நகல் எடுத்தால், அந்த மூக்கு நிஜமாகவே மாடலில் பெரிதாகிவிடும். தூரத்திலிருந்து எடுத்த படங்களைத் தேடுங்கள், பல கோணங்களில் தேடுங்கள். ஸீபிரஷ்ஷில் பி விசை, பிளெண்டரில் நம்பர்பேடில் 5, இரண்டும் பெர்ஸ்பெக்டிவை மாற்றும். முகத்துக்குப் பெர்ஸ்பெக்டிவ் இருக்கட்டும். ஃபோகல் லெங்த் (லென்ஸின் குவியத் தூரம்) 85 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது.

ஸ்கேலை அப்ளை செய்யாமல் ரீமெஷ்

பிளெண்டரில் ஆப்ஜெக்ட் மோடில் உருண்டையை நீட்டிவிட்டு, கன்ட்ரோல்+ஏ கொடுத்து ஸ்கேலை அப்ளை செய்யாமல் (மாற்றிய அளவை மாடலிலேயே நிலைப்படுத்தாமல்) ஸ்கல்ப்ட் மோடுக்கு வந்தால் வோக்சல்கள் ஒரு பக்கம் இழுபட்டுவிடும், பிரஷ்ஷும் கோணலாக நடந்துகொள்ளும். சீரற்ற ஸ்கேல் என்று பிளெண்டரே எச்சரிக்கிறது, யாரும் படிப்பதில்லை. கூடவே வோக்சல் அளவிலும் கவனம் வேண்டும். தொடக்கத்தில் வரும் 2 மீட்டர் கனசதுரத்துக்கு 0.01 மீட்டர் என்றால் சுமார் 2,40,000 சதுரங்கள், 0.001 என்றால் 2 கோடியே 40 லட்சம். ஒரு பூஜ்யம் கூடிப்போய்க் கணினி உறைந்த கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன்.

சிமெட்ரி

ஒரு பக்கம் செதுக்குவதை மறுபக்கமும் பிரதிபலிக்கும் வசதி இது. முக அமைப்பு முடியும்வரை அணைக்காதீர்கள். முடிந்தபின் அணைக்காமல் விடாதீர்கள்.

ஸீபிரஷ்ஷில் டாக்குமெண்டைச் சேமிப்பது

அதில் மாடல் இருக்காது, திரையில் தெரிந்த படம்தான் இருக்கும். டூல் அல்லது ப்ராஜெக்டாகச் சேமியுங்கள்.

எஸ்டிஎல் ஃபைலில் அலகு இல்லை

3டி பிரின்டருக்கு அனுப்பும் எஸ்டிஎல் ஃபைலில் எண் மட்டும்தான் இருக்கும், அது மீட்டரா மில்லிமீட்டரா என்பது இருக்காது. அதனால் 2 மீட்டர் சிலை பிரின்டரில் 2 மில்லிமீட்டராக வந்து நிற்கும். எக்ஸ்போர்ட்டில் ஸ்கேலைப் பாருங்கள்.

செயலியை நம்பி வேலையை விட்டுவைப்பது

விஆர் செயலிகளின் ஆயுளை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2016இல் ஆக்யுலஸ் வெளியிட்ட மீடியம் என்ற விஆர் சிற்பச் செயலி, 2019இல் அடோபியின் கைக்குப் போனது. அடோபி 2022இல் டெஸ்க்டாப், விஆர் இரண்டிலும் ஓடும் சப்ஸ்டன்ஸ் 3டி மாடலரைக் கொண்டுவந்தது. டில்ட் பிரஷ் என்ற விஆர் ஓவியச் செயலியின் வளர்ச்சியைக் கூகுள் 2021இல் நிறுத்தி, மூல நிரலைத் திறந்துவிட்டது. பலர் தங்கள் 3டி வேலைகளை வைத்திருந்த கூகுளின் ‘பாலி’ (Poly) என்ற தளம் அதே ஆண்டு ஜூன் 30 அன்று மூடப்பட்டது.

அதனால் முடித்த ஒவ்வொரு வேலையையும் செயலியின் சொந்த ஃபைலோடு சேர்த்து, மற்ற 3டி மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய ஓபிஜே வடிவிலும் எடுத்து வையுங்கள். நிறமும் வேண்டுமானால் எஃப்பிஎக்ஸ். எடுத்ததைப் பிளெண்டரில் ஒருமுறை திறந்து, எல்லா லேயரும் வந்திருக்கின்றனவா, அளவு சரியா என்று பார்த்த பிறகு அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.