வளரும் பாம்புக்கு எந்த அளவு எலி?

ரொறன்ரோவில் இருக்கிற தம்பி ஒரு கோர்ன் ஸ்னேக் (விஷமில்லாத ஒரு வளர்ப்புப் பாம்பு) வளர்க்கிறான். வாரத்துக்கு ஒருக்கா திருகோணமலை உவர்மலையில் இருக்கிற எனக்கு வீடியோ கோல் எடுத்து "அக்கா, இந்த எலி சரியா?" என்று கேட்பான். அவனைப் போல வெளிநாட்டில் வளர்க்கிற நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். (இங்கே இலங்கையில் காட்டில் பிடிக்கிற மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம், அந்த யோசனையே வேண்டாம்.)

தலையைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள், தாடை நன்றாக விரியும். உடம்பின் மிகத் தடித்த பகுதியைப் பாருங்கள், எலி அந்தத் தடிப்பு இருந்தால் போதும், கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, ஆனால் ஒன்றரை மடங்கைத் தாண்டவே கூடாது. சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் நல்லது: 100 கிராம் பாம்புக்குட்டிக்கு 10 முதல் 15 கிராம் எலி. முட்டையிலிருந்து வந்த புதிதில் மயிர் முளைக்காத சுண்டெலிக்குஞ்சு ஒன்று, 5 முதல் 7 நாளுக்கு ஒரு தடவை. மாதம் ஒருமுறை பாம்பை நிறுத்துப் பார்த்து, எலியின் அளவையும் கூட்டிக்கொண்டு போங்கள், இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

விழுங்கிய பிறகு வயிற்றில் லேசான புடைப்பு தெரிந்தால் சரி. உறைய வைத்த எலியை உள்ளே வரை குளிர் விட்ட பிறகே கொடுங்கள், அப்புறம் இரண்டு நாள் பாம்பைத் தூக்க வேண்டாம். கக்கிவிட்டால் உடனே திரும்பக் கொடுக்காமல் 10 நாளாவது விட்டு, பழையதில் பாதி அளவு எலியில் தொடங்குங்கள், கூட்டின் சூட்டையும் ஒருதரம் பாருங்கள்.