கல்லை எண்ணிக் குழியை முடிவு செய்யாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் நட்டால் (Natal) பகுதி வடகரையில், கரும்புத் தோட்டங்களில் பழைய கல்லறைகளை இடம் மாற்றும் வேலை அடிக்கடி வருகிறது. 1860-ல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பலர், உழைத்த தோட்டத்திலேயே அடக்கமானார்கள். கையுறை, முகமூடி போன்ற பாலபாடம் இங்கே வேண்டாம்.

கல்லை எண்ணுவது

வேலிக்குள் பதினான்கு கல் இருந்தால் பதினான்கு பெட்டிக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். மூன்றாம் நாளே பதினைந்தாவது குழி தலைகாட்டும். சொல்லிச் சொல்லி அலுத்துப்போன தவறு இது. கரும்பு நிலத்தில் ஏர் ஓடும்போது கல் நகரும். மரப்பலகை மக்கிவிடும். குழந்தைக் குழிகளுக்குப் பெரும்பாலும் கல்லே வைத்திருக்க மாட்டார்கள்.

பட்டியலில் இல்லாத குழி தெரிந்தால், 1999-ம் ஆண்டின் 25-ம் எண் மரபுவளச் சட்டம், 36-ம் பிரிவின்படி வேலையை அங்கேயே நிறுத்தி மரபுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். போலீசும் வரும். நின்றுகிடக்கும் இயந்திரத்துக்கு வாடகை மட்டும் நிற்காது.

எந்த வரிசையில் ஏர் ஓட்டாமல் விட்டிருந்தார்கள் என்று முதலில் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். பிறகு உரிய அனுமதியோடு, தொல்லியலாளர் முன்னிலையில், பல் இல்லாத தட்டை வாளி பூட்டிய இயந்திரத்தால் மேல்மண்ணைப் பத்து பத்து செ.மீ.யாகச் சீவுங்கள். கடைசிக் கல்லுக்கு அப்பாலும் ஐந்து மீட்டராவது போக வேண்டும். மேல்மண் முடியும் இடத்தில் இயந்திரத்தை நிறுத்தி, லேசாகத் தண்ணீர் தெளித்து, காலைச் சாய்வெயிலில் பாருங்கள். இந்தக் கரையோரத்துப் பெரேயா செம்மணலில் தோண்டி மூடிய இடம் கலங்கலாக, நேர் விளிம்போடு தெரியும். ஒரு மீட்டருக்கும் குறைவான திட்டை வேர்க்குழி என்று ஒதுக்கிவிடாதீர்கள். குழந்தைக் குழி அந்த அளவுதான் இருக்கும். கம்பியை ஆழமாகக் குத்திப் பார்ப்பவர்களும் உண்டு. மண்டையோட்டில் விழும் புதிய ஓட்டை அவர்கள் போட்டதுதான்.

60 வருடக் கணக்கு

நகராட்சி இடுகாட்டுக்கு வெளியே உள்ள, 60 வருடத்துக்கு மேற்பட்ட குழிக்கு மரபுத் துறை அனுமதி வேண்டும். அதைவிடப் புதியதற்கு உள்ளாட்சி அனுமதி வாங்கி, சுற்றுச்சூழல் சுகாதார அலுவலர் முன்னிலையில் தோண்ட வேண்டும். வயது தெரியாவிட்டால் பழையது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கல்லறையை மாற்றப்போவதைச் சொல்லும் அறிவிப்புப் பலகை 60 நாள் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதி வைக்காதீர்கள். அதே நிலத்தில் சூலு குடும்பங்களின் குழிகளும் இருக்கலாம்.

சல்லடையில் சலிக்காமல் மண்ணைத் தள்ளுவது

ஒரு கையில் 27 எலும்பு, ஒரு பாதத்தில் 26. மூக்குத்தியும் மெட்டியும் அந்த மண்ணில்தான் கிடக்கும். பெரியவர்களுக்கு 5 மி.மீ. சல்லடை, குழந்தைக்கு 2 மி.மீ. பச்சிளங்குழந்தையின் எலும்புகள் இன்னும் ஒட்டாதவை, எண்ணிக்கையிலும் அதிகம். விலங்கெலும்பு என்று வீசிவிடுகிறார்கள்.

பிளாஸ்டிக் பை

எலும்பை அதில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணி போதும்.

"எலும்பே இல்லை" என்று மூடுவது

அமில மண் எலும்பைத் தின்றுவிடும். ஆனாலும் பல்லின் எனாமல், பெட்டி ஆணி, உடல் கிடந்த கருந்தடம் ஆகியவை மிஞ்சும். அந்தக் கரிய மண்ணைத் தலை, மார்பு, இடுப்புப் பகுதிகளிலிருந்து தனித்தனியாக எடுத்துப் பெட்டியில் வையுங்கள். குடும்பத்தார் கேட்பதும் அதைத்தான்.

ஒரே பெட்டியில் இருவர்

கூடவே கூடாது. தாயும் சிசுவும் ஒரே குழியில் கிடைத்தாலும் இரண்டு எண், இரண்டு பெட்டி. மறு அடக்கத்தில் இரண்டையும் ஒரே குழியில் வைக்கலாம்.