வீடு கட்ட நகராட்சி அனுமதி: மனு எங்கெல்லாம் மாட்டிக்கொள்கிறது?

பிளான் அப்ரூவல் இழுத்தடித்தால் முதலில் திட்டு வாங்குவது ஆபீஸ்தான். சில நேரம் அது நியாயமும்கூட. ஆனால் திரும்பி வந்த மனுக்களைப் பிரித்துப் பார்த்தால், சிக்கல் வரைபடத்துக்கு முன்பே தொடங்கியிருப்பது தெரியும். பத்திரம் ஒரு அளவு சொல்லும், பட்டா இன்னொன்று சொல்லும், இடத்தில் டேப் வைத்தால் மூன்றாவதாக ஒன்று வரும். அதைத் தீர்க்காமல் எஞ்சினியரிடம் போய் "மூணு பெட்ரூம் போடுங்க" என்று உட்கார்ந்துவிடுகிறோம்.

ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். கிரையப்பத்திரத்தில் 20க்கு 60, ஆக 1,200 சதுர அடி. பட்டாவில் 1.12 ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி என்பதால் இது சுமார் 1,205 சதுர அடி. இதுவரை வம்பில்லை. இடத்தில் போய் அளந்தால் 1,162தான் வருகிறது. காரணம், பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவர் ஏழரை அங்குலம் உள்ளே வந்திருக்கிறது. 60 அடி நீளத்துக்கு ஏழரை அங்குலம் என்றால் 37 சதுர அடிக்கும் மேல் போய்விடும். கண்ணுக்குத் தெரியாது, அகலம் 20 அடி மாதிரியேதான் இருக்கும். பத்திர அளவை நம்பி வரைந்த பிளான் இங்கே மாட்டும். மூன்றில் எது குறைவோ அதை வைத்துத்தான் பிளான் போட வேண்டும். எனவே சர்வேயரை வைத்து அளந்து, நான்கு பக்க அளவையும் ஒரு மூலைவிட்ட அளவையும் குறித்துக்கொண்ட பிறகே எஞ்சினியரிடம் போங்கள். மூலைவிட்டத்தை யாரும் அளப்பதில்லை. மனை கோணலாக இருக்கிறதா என்று காட்டிக்கொடுப்பது அதுதான்.

பட்டா விஷயத்தில் அடிக்கடி நடப்பது இரண்டு. பத்திரம் பதிந்ததோடு வேலை முடிந்தது என்று விட்டுவிட்டு, பட்டா இன்னும் விற்றவர் பெயரிலேயே கிடப்பது ஒன்று. கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டு மனு போடுவது இன்னொன்று. கூட்டுப் பட்டாவில் உங்கள் பங்கு சர்வே எண்ணில் எந்த மூலை என்று தெரியாது. உட்பிரிவு செய்து, தனி எண் வாங்கி, எஃப்.எம்.பி. (நில அளவைப் புத்தகம்) வரைபடத்தில் கோடு விழ வேண்டும். நகர நில அளவை முடிந்த ஊர்களில் டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேடு) நகல் கேட்பார்கள். அங்கே பழைய சர்வே எண்ணுக்குப் பதில் வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று இருக்கும். பத்திரத்தில் பழைய எண் மட்டும் இருந்தால் இரண்டும் ஒரே இடம்தான் என்று காட்டும் காகிதம் வேண்டும். பட்டா மாறுதலுக்கும் உட்பிரிவுக்கும் ஆகும் நாட்களை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு இதைத் தொடங்கினால் ரத்தக்கொதிப்புதான்.

மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) கொடுத்த அங்கீகார எண்ணைக் கேளுங்கள். "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்ற பதிலோடு திருப்தி அடைய வேண்டாம். 2016 அக்டோபர் 20-ஐ வரம்பாக வைத்து, அதற்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் தனி விதிகள் வந்தன. அதில் வரன்முறை செய்த மனை என்றால் அந்த உத்தரவின் நகலை வாங்கி வையுங்கள். விற்றவர் "எல்லாம் கட்டியாச்சு" என்று சொல்லிப் பணம் கட்டிய ரசீதை மட்டும் காட்டினால் போதாது. ரசீது வேறு, உத்தரவு வேறு.

இனி பிளான். தமிழ்நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 2019-ன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், அதன்பின் வந்த திருத்தங்களோடு. விதி பேசுவது மீட்டரில், நம் மேஸ்திரி பேசுவது அடியில். பல வீடுகள் இந்த இடைவெளியில்தான் விழுகின்றன. பக்கவாட்டில் 1 மீட்டர் விட வேண்டிய மனையில் "மூணடி சந்து" என்று விட்டுவிடுவார்கள். மூன்று அடி என்பது 91.4 சென்டிமீட்டர். எட்டரை சென்டிமீட்டர் குறைகிறது. 1 மீட்டருக்கு மூன்றடி மூன்றரை அங்குலமாவது வேண்டும். அதோடு முடியவில்லை. வெளிப்பூச்சு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தின்னும். அளவு பூசிய சுவரிலிருந்துதான், செங்கல்லிலிருந்து அல்ல. மனை கோணலாக இருந்தால் மிகக் குறுகலான இடத்திலும் அந்த 1 மீட்டர் இருக்க வேண்டும். அதனால் மூன்றடி ஆறு அங்குலம் என்று வரைவதே புத்திசாலித்தனம். அறையில் இரண்டு அங்குலம் குறைந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

முன்பக்க செட்பேக், அதாவது கட்டாமல் திறந்து விட வேண்டிய இடம், சாலை அகலத்தைப் பொறுத்தது. 9 மீட்டர் வரையான சாலைக்கு 1.5 மீட்டர், அதற்கு மேல் 18 மீட்டர் வரை 3 மீட்டர். இங்கே தவறு நடப்பது சாலையை அளப்பதில். லேஅவுட்டில் 30 அடி என்று போட்டிருக்கும், நேரில் 24 இருக்கும். உங்கள் வாசலுக்கு எதிரே மட்டும் அளக்காமல், பெரிய சாலையில் சேரும் இடம்வரை நடந்து அளந்து பாருங்கள். சந்துக்குள் இருக்கும் மனை என்றால் பாதை உரிமை பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, அதன் அகலம் என்ன என்பதையும் பாருங்கள். "காலங்காலமா நடக்கிறோம்" என்பதை ஆன்லைனில் அப்லோட் செய்ய முடியாது.

தளப்பரப்புக் குறியீடு (எஃப்.எஸ்.ஐ., மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2 என்றதும் 1,200 சதுர அடி மனையில் 2,400 கட்டலாம் என்று மனக்கணக்கு போடுகிறார்கள். அது மேல்வரம்பு மட்டுமே. செட்பேக், உயரம், பார்க்கிங் எல்லாம் போக மிஞ்சுவதுதான் உங்களுடையது. வெளிப்படிக்கட்டைப் பக்கவாட்டுச் சந்தில் இறக்குவது இந்த ஆசையின் விளைவு. திறந்த இடமாக விட வேண்டியதில் படிக்கட்டு நின்றால் செட்பேக் போச்சு.

தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா? அதையும் பிளானில் காட்ட வேண்டும். 11 கிலோவோல்ட் வரை பக்கவாட்டில் 1.2 மீட்டர், அதற்கு மேல் 33 வரை 2 மீட்டர் இடைவெளி தேவை. பால்கனியும் சன்ஷேடும் இதில் அடக்கம்.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம் சிறிய வீடுகளுக்கு உண்மையிலேயே பெரிய வசதி. 2,500 சதுர அடி வரையான மனை, 3,500 சதுர அடி வரையான கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும், 7 மீட்டருக்குள் உயரம் என்று தொடங்கினார்கள். முன்கூட்டிய கள ஆய்வு கிடையாது, கூர்ந்தாய்வுக் கட்டணமும் உள்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் கிடையாது. ஒற்றைச் சாளர இணையதளத்தில் போட்டால் அனுமதி கைக்கு வந்துவிடும். வந்துவிடுவதுதான் ஆபத்தும். யாரும் சரிபார்க்கவில்லை என்பதால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. தகவல் உண்மை என்று கையெழுத்துப் போட்டிருப்பது நீங்கள். பொய் என்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும், அப்போது பாதி வீடு நின்றுகொண்டிருக்கும்.

இந்த வழியில் அதிகம் இடறுவது உயரம். சாலை ஏறிக்கொண்டே போகிறது என்று பேஸ்மட்டத்தை மூன்று அடி தூக்குகிறோம். பிறகு காற்றோட்டம் வேண்டும் என்று தளத்துக்குத் தளம் பத்தரை அடி. மொத்தம் 24 அடி, அதாவது 7.3 மீட்டர். தொடக்கத்தில் வைத்த 7 மீட்டர் வரம்பு 23 அடியை ஒட்டி. ஒரு அடி தாண்டிவிட்டது. பேஸ்மட்டம் இரண்டரை, தளம் பத்துப் பத்து என்றால் 22½ அடியில் முடிந்துவிடும். பேஸ்மட்டம் மூன்றடிதான் வேண்டும் என்றால் வழக்கமான முறையில் மனு போட்டுவிடுங்கள். வரம்புகள் திருத்தத்துக்கு உள்ளாகும் என்பதால், மனு போடும் நாளில் இணையதளத்தில் இருக்கும் எண்ணையே பாருங்கள்.

சின்னச் சின்னக் காரணங்களுக்கும் மனு திரும்பும். காலிமனை வரி பாக்கி, பழைய தேதியிட்ட வில்லங்கச் சான்று, பத்திரத்தில் "எஸ். முருகன்", ஆதாரில் "முருகன் சுப்பையா", மழைநீர் சேகரிப்புக் குழி காட்டாத பிளான். கையெழுத்துப் போடும் எஞ்சினியரின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். டிராயிங் போட்டவர் ஒருவர், கையெழுத்து வேறொருவர் என்ற ஏற்பாட்டில் பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்ல ஆள் இருக்காது. மனுவில் உங்கள் சொந்த போன் எண்ணையே கொடுங்கள். ஏஜெண்ட் எண்ணைக் கொடுத்தால், திருத்தம் கேட்டு வரும் செய்தியும் கட்டணம் கட்டச் சொல்லும் செய்தியும் அவர் போனிலேயே தூங்கும்.

அனுமதி வந்த பிறகு செய்யும் தவறுதான் அதிகம் செலவு வைப்பது. கையில் இரண்டு பிளான் இருக்கும்: அப்ரூவலுக்கு ஒன்று, கட்டுவதற்கு ஒன்று. அனுமதியிலிருந்து விலகிய கட்டடத்துக்கு 1971-ன் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளில் நோட்டீஸ் வரும், வேலையை நிறுத்தச் சொல்லலாம், சீல் வைக்கலாம். வீட்டுக்கடன் தவணை விடும் வங்கியின் மதிப்பீட்டாளரும் அப்ரூவ்டு பிளானோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். நடுவில் மனம் மாறினால் திருத்திய பிளானுக்கு மனு போட்டுவிட்டுக் கட்டுங்கள்.

அஸ்திவாரம் மார்க்கிங் போடும் நாளில் அப்ரூவ்டு பிளானின் ஒரு நகல் மேஸ்திரி கையில் இருக்கட்டும், எஞ்சினியரும் நேரில் நிற்கட்டும். கயிறு கட்டியதும் எல்லைக்கல்லிலிருந்து கயிறுவரை மீட்டர் டேப்பால் நான்கு பக்கமும் அளந்து போட்டோ எடுத்து வையுங்கள். தவறு இருந்தால் அன்றைக்குக் கயிற்றை நகர்த்தினால் போதும். கான்கிரீட் போட்ட மறுநாள் அது நடக்காது.