செம்மண் சாலையில் ஏபிஎஸ்: எப்படிப் பிடிப்பது, எப்படிக் காப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனை லோரிகள் தோட்டத்திலிருந்து தார்ச் சாலைக்கு ஏறும் முச்சந்திகளைக் கவனியுங்கள். டயரில் ஒட்டி வந்த மண் அங்கே படிந்து கிடக்கும். தூறல் விழுந்தால் சவர்க்காரம்தான். அந்த இடத்தில் பதறி முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் சாய்ந்துவிடும். சக்கரம் பூட்டாமல் காக்கும் பிரேக் அமைப்பான ஏபிஎஸ் தடுப்பது இதைத்தான்.

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பல் வளையம் ஒன்று டிஸ்க் பக்கத்தில் இருக்கும். அதிலிருந்து ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தள்ளி சென்சார். கடந்து போகும் பற்களை எண்ணி, சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கணினிப் பெட்டி கணக்கிடும். மோட்டாரின் வேகம் குறையாமல் சக்கரத்தின் சுழற்சி மட்டும் சட்டென்று குறைந்தால், ஒரு வால்வு மூடி நம் கையழுத்தத்தைத் தடுக்கும். மற்றொன்று திறந்து, டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் அழுத்தத்தை இறக்கும். சக்கரம் மறுபடி உருண்டதும் அழுத்தம் ஏறும். ஒரு நொடிக்குள் இது பலமுறை நடக்கும். பிரேக் பிடி துடிப்பது அதனால்தான். துடித்தால் பயந்து பிடியை விடாதீர்கள், விட்டுவிட்டும் பிடிக்காதீர்கள். மோட்டார் நிற்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். காய்ந்த தார்த் திடலில் 30 கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஓட்டிப் பழகிக்கொண்டால் கை தானே நம்பும்.

ஏபிஎஸ் உள்ள பல கப்சாய்களில், அதாவது சிறிய மோட்டார் சைக்கிள்களில், முன் சக்கரத்துக்கு மட்டுமே அது உண்டு. பின் சக்கரம் பூட்டத்தான் செய்யும். தோட்டத்து உதிரிக் கல் பாதையில் நிற்கும் தூரம் கூடவும் செய்யும்: பூட்டிய சக்கரம் கல்லை முன்னால் குவித்து முட்டி நிற்கும், உருளும் சக்கரத்துக்கு அந்த முட்டு கிடையாது. அங்கே மெதுவாகப் போவதே வழி. வளைவில் சாய்ந்திருக்கும்போதும் சாதாரண ஏபிஎஸ்ஸை முழுக்க நம்பக் கூடாது.

சாவியைப் போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும். ஓட்டத் தொடங்கிச் சிறிது வேகம் பிடித்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் பிரேக் சாதாரணமாக வேலை செய்யும், ஏபிஎஸ் இருக்காது. முதலில் சென்சார் முனையில் அப்பிய சேற்றையும் இரும்புத் தூளையும் ஈரத் துணியால் துடையுங்கள். அடுத்து வளையம். டயர் மாற்றும்போது நெம்புகோல் பட்டு ஒரு பல் வளைந்தாலும் கணக்குத் தப்பும், அதனால் பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டயர் அளவையும் மாற்ற வேண்டாம். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். மோட்டாரோடு வந்த கையேட்டில் சொன்ன வகையை, பெரும்பாலும் டாட் 4, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழைய எண்ணெய் வால்வை அரித்தால் முழு ஏபிஎஸ் பெட்டியையே மாற்றும்படி ஆகலாம்.

நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தை மட்டும் சுற்றவிட்டாலும் சில மோட்டார்களில் விளக்கு எரியும். சாவியை அணைத்துப் போட்டு, சற்று தூரம் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும்.